ரேஸ்கோர்ஸ் வீட்டு வான்கோழி

“அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க” என்று சொல்லும் ஆளை நம்பி எந்த வேலையையும் ஒப்படைக்காதீர்கள். தொண்ணூறுகளில் கோவையில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான்தான்.

அப்போது ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். புது இயந்திரங்களை நிறுவ இங்கிலாந்திலிருந்து டேவிட் என்ற இன்ஜினியர், மனைவி மார்கரெட்டோடும் சின்ன மகள் எம்மாவோடும் வந்து ரேஸ்கோர்ஸில் தங்கியிருந்தார். இங்கிலீஷ் பேசுகிறவன் என்று என்னை அவர்களுக்குத் துணையாகப் போட்டார்கள். (என் இங்கிலீஷில் பாதி ‘எஸ்’, மீதி புன்னகை.)

டிசம்பர் வந்தது. சொந்த ஊரை விட்டு வந்த பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் கிறிஸ்துமஸ். மார்கரெட்டின் முகத்தில் களையே இல்லை. “வான்கோழி இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் என்று எம்மா அழுகிறாள்” என்றார். மார்கரெட் எங்கள் மேனேஜரின் குடும்பத்தை வேறு மதிய விருந்துக்கு அழைத்துவிட்டிருந்தார்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வான்கோழி கிடைத்தது. சாக்குப்பைக்குள்ளிருந்து தலையை நீட்டி அது வழியெல்லாம் கத்த, “ஏனுங்க, கச்சேரியக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க” என்றார் பஸ் கண்டக்டர்.

பண்டிகையன்று காலையில்தான் தெரிந்தது, மார்கரெட் வீட்டு மின்சார ஓவனுக்குள் அது நுழையாது என்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். கோட்டைமேட்டில் பேக்கரி வைத்திருந்த காதர் பாயின் பெரிய விறகடுப்பு ஞாபகத்துக்கு வந்து, அந்தப் பொன்மொழியை உதிர்த்தேன்.

“முழுதாக இருக்க வேண்டும். உப்பும் வெண்ணெயும் மட்டும்” என்று மார்கரெட் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

அதையே பாயிடம் சொன்னேன். “வெறும் உப்பும் வெண்ணெயுமா?” என்று அவர் வான்கோழியைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நானோ, வெள்ளைக்காரர் வீட்டு விருந்தாயிற்றே என்று முடிவெட்டக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது, மூடியைச் சுற்றி மாவு பூசிய பெரிய தேக்சா ஒன்று தயாராக இருந்தது. “சூடு போயிரும், தொறக்காமக் கொண்டு போங்க தம்பி” என்றார் பாய். பிரியாணி மணத்தது. பக்கத்துக் கடை என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோ ரேஸ்கோர்ஸ் வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பக்கத்துக் கடை கூடவே வந்தது எனக்கு உறைக்கவில்லை.

மேசையில் வெள்ளை விரிப்பு, மெழுகுவர்த்திகள். அவர்கள் வழக்கப்படி எல்லோர் தலையிலும் காகிதக் கிரீடம், மேனேஜர் தலையிலும். டேவிட் நீளமான கத்தியோடு எழுந்து நின்றார். நான் மூடியை நெம்பித் திறந்தேன்.

பிரியாணி. ஆவி பறந்தது. கத்தி அந்தரத்தில் நின்றது.

“வான்கோழி எங்கே?” என்றார் மார்கரெட்.

“இன்சைடு மேடம்... பீஸ் பீஸ்” என்றேன்.

அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். மேனேஜர் கிரீடத்தோடு என்னை முறைத்தார். வேலை போயிற்று என்று நினைத்தபடி, கூடத்திலிருந்து பேக்கரிக்குப் போன் போட்டேன். “அடுப்பு வாயில நொழையலீங்க தம்பி” என்றார் பாய் அமைதியாக. “நாளும் கெழமையுமா அந்தம்மாளுக்குப் பத்தியச் சாப்பாடு அனுப்ப மனசு வரலீங்க. அதான் நம்ம பிரியாணி மாஸ்டர்கிட்டச் சொல்லி தம் போட்டுட்டேன்.”

திரும்பி வந்தால், எம்மா ஒரு கரண்டி வாயில் போட்டு, நாக்கை நீட்டி விசிறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். சிவந்த கண்களோடு வெளியே வந்த மார்கரெட் அதைப் பார்த்தார். கிரீடம் மூக்குவரை சரிந்ததுகூடத் தெரியாமல் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை. டேவிட் கத்தியை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். கடைசியில் தேக்சாவின் அடியைச் சுரண்டியவர் மார்கரெட்தான்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் வரும். போன தடவை எம்மாவின் மகள் பேசினாள். “எங்கள் நாட்டில் கிறிஸ்துமஸுக்கு வான்கோழிப் பிரியாணி செய்வோம், அங்கிள்” என்றவள், கொஞ்சம் இரக்கத்தோடு கேட்டாள்: “உங்கள் ஊரில் பிரியாணி எல்லாம் கிடைக்குமா?”