பலாவேர் விட்ட மூச்சு

கட்டுகஸ்தோட்டையில் வயர் நானா கை வைக்காத மரமும் இல்லை, அவர் வீட்டில் ஷாக் அடிக்காத விருந்தாளியும் இல்லை. ஆஸ்பத்திரி மெஷின்கள் திருத்துவது தொழில். மீதி நேரமெல்லாம் சிற்பம். மகாவலி ஆற்றில் ஒதுங்கும் வேர்களைத் தூக்கிவந்து மோட்டார், சென்சர், ரப்பர் குழாய் எல்லாம் பூட்டி அசைய வைப்பார்.

பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் முதல் பலி நான்தான். செம்புக் கம்பியில் ஒரு தொட்டாற்சுருங்கி செய்திருந்தார். தொட்டேன். அது சுருங்கி, நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கவ்விக்கொண்டது.

"கோவிச்சிக்காதீங்க தம்பி, அதுக்கு உங்களப் பிடிச்சி ஈக்கி."

அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவர், கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். நானா அலறினார்: "சாரத்த வெட்டுங்க, வயர வெட்டாதீங்க!"

அந்த மதினிக்குத்தான் நுரையீரல் பழுதானது. நானா அவர் நெஞ்சில் ஒரு சென்சர் பட்டி கட்டினார். மதினி மூச்சு இழுத்தால் ஹோலில் இருந்த பலாவேர்ச் சிற்பத்தின் ரப்பர் வயிறு உப்பும்; விட்டால் வற்றும். குசினியில் சமைத்தபடியே மனைவியின் மூச்சைப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

"என்ட மூச்ச மரத்துக்குக் குடுத்துட்டு என்னய எங்க அனுப்பப் போறீங்க?" என்று மதினி சிரிப்பார். வேரும் சேர்ந்து குலுங்கும்.

கண்டி டவுனில் ஒரு கண்காட்சிக்கு அந்த வேரைக் கேட்டார்கள். மதினி வீட்டில், வேர் டவுனில், நடுவில் போன் சிக்னல். சனம் சுற்றி நின்று படம் எடுத்தது. திடீரென்று வேர் நின்றுவிட்டது.

"என்ன நானா, கரண்ட் போயிருச்சா?" நான் கேட்டு முடிக்கவில்லை, அவர் செருப்பில்லாமல் வீதியில் ஓடினார். த்ரீவீலர் பிடித்து வீட்டுக்குப் போனால், மதினி பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தார்.

"அரிச்சிச்சி, கழட்டினேன். அதுக்கு ஏன் அழுறீங்க?"

அடுத்த மாதம் அந்தப் பட்டியை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கழற்றிக் கொடுத்தார்.

மதினியின் நாற்பதாம் நாள் கழிந்ததும் கண்காட்சிக்காரர்கள் வந்தார்கள். "அவங்க மூச்சு பதிவாகி இருக்கும்தானே? அதையே ஓட விடுவோம். பார்க்கிறவங்க அழுதுருவாங்க."

நானா வேரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்த மூச்சு. திரும்பத் திரும்ப இழுக்க வெக்க ஏலாது."

அவர்கள் கண்முன்னாலேயே பதிவை அழித்தார்.

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார். "வீடு சத்தமே இல்லாம ஈக்கி தம்பி. வேல இல்லாட்டி கொஞ்சம் இரிங்களேன்."

வேலை இருந்தது. கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.