புலப்படம் தேடிய குலதெய்வம்

பெரம்பலூரையும் அரியலூரையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் புலப்படத்தைப் போல வழி தெரிந்த மனிதர் கிடைக்கமாட்டார். அவரளவுக்கு வழி தவறியவரும் கிடைக்கமாட்டார்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, அடுத்த வருஷமே பெரம்பலூரோடு மறுபடி சேர்த்த நேரம் அது. நான் அரியலூரில் ஓர் அரசு ஆபீஸில் டைப்பிஸ்ட். கடிதத்தின் தலையில் எந்த மாவட்டத்தை அடிப்பது என்று தெரியாமல் தினமும் முழிப்பேன். அடுத்த அறையில் நில அளவைப் படம் வரைபவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் நீள அகலம் போட்டு வரையும் படத்துக்குப் புலப்படம் என்று பெயர். ஆபீஸில் அவருக்கும் அதுவே பெயர். சொந்தப் பெயர் என்னவென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மனிதர் குடியிருந்தது எங்களோடு இல்லை, வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்துக்குள். ஆபீஸுக்கு எதிரே ஒரு மெஸ் இருந்தது. பழைய படத்தில் அந்த இடத்தில் ஒரு குட்டை. அதைத் தூர்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. இவர் ஒத்துக்கொண்டால்தானே? வாசலிலேயே நின்று பார்சலுக்குக் கை நீட்டுவார்.

"உள்ள வாங்க சார், தோசை சூடா இருக்கு" என்பார் மெஸ்காரர்.

"குட்டைக்குள்ள எப்புடிங்க வரது? அத்தன பேரும் இடுப்பளவு தண்ணியில உக்காந்து சாப்புடுறாங்க, உங்களுக்குத் தெரியல!"

மெஸ்காரர் ஒரு நாள் நிஜமாகவே குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.

ஆனாலும் பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு அவரை விட்டால் ஆளில்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். துபாயில் வேலை, லீவில் வந்திருந்தார். பாட்டனார் வெட்டிய கிணறு எங்கே என்று பார்க்க ஆசை. புலப்படம் பழைய படத்தை விரித்து, அளந்து, பாயோடு பஸ் ஏறிப் போய், அவருடைய மச்சான் வீட்டு ஹாலில் நின்றார்.

"இந்த சோபாவக் கொஞ்சம் தள்ளுங்க. கெணறு இதுக்கு அடியில இருக்கு."

"யா அல்லாஹ்! மச்சான், நீ இத்தன வருஷமா கெணத்து மேல உக்காந்தா டிவி பாக்குற?"

தரையைத் தட்டினால் டொக் டொக்கென்று வேறு சத்தம் வந்துவிட்டது. மச்சான் அன்றிலிருந்து தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காருவதாகக் கேள்வி.

இப்பேர்ப்பட்டவரிடம் நானே போய் நின்றேன். எல்லாம் வசந்தாவுக்காக. வசந்தா எங்கள் ஆபீஸ் தபால் பிரிவில் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இருவரும் பேசி முடித்தாயிற்று. அவள் அப்பா திருமானூரில் நெல் விவசாயி, நல்ல மனுஷன். என்னைப் பிடித்தும் இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, உங்களுக்குக் குலதெய்வம் எது?"

ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது. என் தாத்தாவோ பஞ்சம் பிழைக்க ஈரோடு பக்கம் போனவர். போகும்போது சாமியை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு போன் போட்டால், "ஏதோ அம்மன்டா" என்கிறார்.

"தெரியாமக் குடுத்துட்டு, நாளைக்கு அண்ணன் தங்கச்சி மொறையாயிட்டா என்ன பண்றது? பத்து நாள்ல சொல்லுங்க. இல்லேன்னா வேற எடத்துக்குச் சரின்னு சொல்லிடுவேன்" என்றார் வசந்தாவின் அப்பா.

என்னிடம் இருந்தது தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று. ஊர்ப்பெயரைக் கரையான் தின்றிருந்தது. மிஞ்சியது இவ்வளவுதான்: கொள்ளிடக்கரை, சர்வே எண் 47, வடக்கு எல்லை 'எங்கள் குலதெய்வம் செல்லியம்மன் கோயில்'. செல்லியம்மன் இல்லாத ஊர் எது? நாற்பத்தேழாம் நம்பர் இல்லாத ஊர்தான் எது?

புலப்படம் பத்திரத்தை முகர்ந்து பார்த்தார். "நாலு நாள் குடுங்க" என்றார். கொள்ளிடக்கரை ஊர்களின் பழைய படங்களையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றிலும் நாற்பத்தேழைத் தேடினார். தா.பழூர் பக்கம் ஒரே ஓர் ஊரில்தான் நாற்பத்தேழுக்கு வடக்கே கோயில் குறி இருந்தது.

சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்தது சனியன். கண்ணெதிரே தார் ரோடு இருக்க, படத்தில் ரோடு இல்லையென்று வயல் வரப்பில் நடக்க வைத்தார். இல்லாத வாய்க்காலைத் தாண்டச் சொன்னார், நானும் தாண்டித் தொலைத்தேன். வடக்கு என்று கை காட்டிய திசையில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கரும்புக் கொல்லையில் இரண்டு முறை நுழைந்து, நுழைந்த இடத்திலேயே வெளியே வந்தோம்.

மூன்றாவது முறை ஒரு வேப்பமரத்தடியில் கொண்டு நிறுத்தினார். ஆளுயரத்துக்கு ஒரு கோயில். உள்ளே செல்லியம்மன். எனக்குப் புல்லரித்துவிட்டது.

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுச் சொன்னார்: "இப்ப எல்லாம் யாரு தம்பி வராங்க? திருமானூர்லேருந்து ஒரே ஒரு குடும்பம் வருஷா வருஷம் வந்து பொங்கல் வெக்கும். அந்தப் பொண்ணுகூட அரியலூர் ஆபீஸ்ல தபால் எழுதுது."

"பாத்தீங்களா! படம் பொய் சொல்லாது!" என்று குதித்தார் புலப்படம். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தாத்தா காலத்துல வுட்டுட்டுப் போன சாமி இப்ப மட்டும் ஏன் வருது?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பத்து நாள் கெடு முடிந்ததென்று பதினோரு மணிக்கு அவள் அப்பா ஆபீஸுக்கே வந்து உட்கார்ந்தார். நான் டைப்ரைட்டரில் பேப்பரை மாட்டினேன். புலப்படம்தான் படத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்.

"இது பழைய நம்பருங்க. மறு அளவைல நம்பர் மாறிடுச்சு. அப்ப ஆறு இங்க ஓடுச்சு, இப்ப அங்க ஓடுது. ஜில்லாவே ஒண்ணா இருந்து, ரெண்டாயி, திரும்ப ஒண்ணாயிடுச்சு..."

"எனக்குத் தல சுத்துது சார். இந்தத் தம்பியோட சாமி எதுன்னு மட்டும் சொல்லுங்க."

புலப்படம் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரலில் பசையோடு அப்படியே உட்கார்ந்திருந்த வசந்தாவைப் பார்த்தார்.

"படம் தப்புங்க" என்றார்.

ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"வரைஞ்சவன் கோயில எடம் மாத்திப் போட்டுட்டான். இவங்க கோயில் ஆத்தோட போயிடுச்சு. இவங்க சாமி வேற, உங்க சாமி வேற."

"அப்ப பங்காளி இல்ல?"

"சத்தியமா இல்லீங்க."

வசந்தாவின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மாப்பிள்ளை வூட்டு மொதப் பத்திரிகைய எங்க வெக்கறது?" என்றார். ஆற்றில் விடச் சொல்லிவிட்டார் புலப்படம். நாங்கள் போனபோது கொள்ளிடத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மணலில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தோம். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் அதை எடுத்துப் படித்துவிட்டுக் கல்யாணத்துக்கு வந்து, மொய்யும் எழுதினார்.

அது கிடக்கட்டும். அந்தத் திங்கட்கிழமை மதியம் புலப்படம் சாப்பிடப் போகவில்லை. படத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வசந்தா தன் டிபன் டப்பாவை அவர் முன்னால் திறந்து வைத்து, "சாப்புடுங்கண்ணே" என்றாள். தொடவில்லை. நான் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"சார், நெசமாவே படம் தப்புதானே?"

அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"எம் படத்தத் தப்புன்னு சொல்ல நீங்க யாருய்யா?"

நானும் வசந்தாவும் பங்காளிகளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான். அந்த மனிதர் எனக்கு என்ன முறை என்பதில் மட்டும் குழப்பமே இல்லை. அவர் எனக்கு அண்ணன்.