மீசை சாரின் தொட்டிகளுக்கு உறை ஊற்றிய கதை

திருவண்ணாமலையில் தீபத்தன்று மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரே மனிதர் மீசை சார்தான். ஊரே கைகளைத் தலைக்கு மேல் தூக்கி "அரோகரா" என்றபோது, அவர் மட்டும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் குனிந்து, "பாத்து நில்லுங்க, செடி! செடி!" என்று அலறினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த காலம் முழுக்க எனக்கு அப்படித்தான் போட்டது.

அவருக்கு மீசை கிடையாது. மரக்காணம் கடற்கரையிலிருந்து மணலும் செடிகளும் மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுவருவார். மூட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள் புல்லுக்கு இராவணன் மீசை என்று பெயர். அது ஒரு கண்டக்டரின் முழங்கையைக் குத்திய நாளிலிருந்து இவர் மீசை சார் ஆனார். காலேஜில் செடி கொடிப் பாடம் நடத்துகிறவர். டாக்டர் பட்டத்துக்காக, மணல்மேட்டுச் செடிகளின் வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நான் அப்போது ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடைக்கு வந்து, இருப்பதிலேயே நெருக்கமான நைலான் துணி கேட்டார். முதலாளி விரித்துக் காட்டினார். சார் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மணல் கலங்கிய தண்ணீரைத் துணிமேல் ஊற்றினார்.

"யோவ், இன்னாய்யா பண்றே!"

"பூஞ்சையோட வித்து துணியில நிக்குதான்னு பாக்கறேங்க. ஓடிப்போயிடுது. இத்த விட நெருக்கமா இருக்குதா?"

நான் சாரைத் தெரியாதவன் போல பில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரம்மா காமாட்சி அக்காவின் அதிர்ச்சி இதைவிடப் பெரிது. இரவல் கொடுத்த இட்லிப் பானையைத் திரும்ப வாங்கப் போனவர், "ஐயோ!" என்று கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தோம். பானையில் மணல் வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கிண்ணம் நிறைய நீலச் சாயத்தில் ஊறிய வேர்கள். சாரின் பத்து விரலும் நீலம்.

"மணல்லயாய்யா இட்லி ஊத்தறே?"

"பயப்படாதீங்கக்கா. இந்த மணல்ல இருக்கற பூஞ்சை சாவணும், அதுக்குத்தான். இப்படி வந்து இந்த வேரப் பாருங்க."

அக்கா ஒற்றைக் கண்ணை மூடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "உள்ள நூல் நூலா ஓடுதே! செடிக்குச் சீக்கா?"

"சீக்கு இல்லக்கா, சிநேகம். கடல் மணல்ல சத்து கம்மி. இந்த நூலு தூரம் தூரமா போய் சத்தைத் தேடி எடுத்தாந்து வேருக்குக் குடுக்குது. செடி பதிலுக்கு சர்க்கரை குடுக்குது. பாலுக்கு உறைமோர் மாதிரி வெச்சிக்கோங்க. இந்த வேரச் சுத்தி இருக்கற மண்ணு ஒரு கரண்டி போட்டா போதும், புது மணல்லயும் புடிச்சிக்கும்."

"உறைமோரா! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று பானையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார் அக்கா.

மாடியில் இரண்டு வரிசைத் தொட்டிகள். எல்லாவற்றிலும் வேகவைத்த மணல், கடற்கரையில் படரும் அடம்புக்கொடிக் கன்று. முன்வரிசைக்கு மட்டும் ஒரு கரண்டி வேர்மண். அது மளமளவென்று வளர்ந்தது. பின்வரிசை வெளுத்துச் சுருண்டு கிடந்தது. சார் அந்த நோஞ்சான்களைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று எங்களுக்கு இருந்தது. ஆனால் அவருடைய பட்டமே அந்த நோஞ்சான்களை நம்பித்தான் இருந்தது. பூஞ்சை இல்லாவிட்டால் செடி என்ன ஆகும் என்று காட்ட வேண்டாமா? அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான மெட்ராஸ் பேராசிரியர் பொறுமை இழந்துவிட்டார். "தொட்டியில காட்டு. இல்லேன்னா ஆராய்ச்சிலேர்ந்து உன் பேரை எடுத்துடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து சாருக்கு மஞ்சள் காமாலை. "தண்ணி மட்டும் ஊத்துங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் சொந்த ஊருக்குப் போனவர், உடம்பு தேறி இரண்டு மாதம் கழித்துப் பேராசிரியரோடுதான் வந்து இறங்கினார்.

"பின்வரிசையப் பாருங்க சார், பரிதாபமா இருக்கும்" என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் போனேன்.

மாடி முழுக்கப் பச்சை. பின்வரிசைக் கொடிகள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தன. ஒரு ஊதாப் பூ வேறு.

சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காமாட்சி அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "எப்புடி? நீ இல்லாத நேரத்துல கொழந்தைங்க வாடலாமா? முன்னாடித் தொட்டி மண்ணுல ஒவ்வொரு கரண்டி எடுத்து உறை ஊத்திட்டேன்!"

பேராசிரியர் மாடியைச் சுற்றி நடந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்தார். அங்கே பின்வரிசையின் கடைசித் தொட்டியில் ஒரு கன்று, விரல் நீளத்தில், மஞ்சளாக.

"இது மட்டும் ஏன் இப்படி இருக்குது?"

"அடடா, அது மறைவுல இருந்துச்சுங்களா, உறை ஊத்த மறந்துட்டேங்க! தண்ணி மட்டும் தெனமும் ஊத்துவேன்."

பேராசிரியர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "பூஞ்சை வேலை செய்யுதுன்னு இந்தம்மா காட்டிட்டாங்க. ஆனா ஒத்தைச் செடிய வெச்சி பட்டம் குடுக்க முடியாது. திரும்பப் போடு, காத்திருக்கேன். இந்தத் தடவை மாடியப் பூட்டு."

சார் மறுநாளே திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். மாடிக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். அப்புறம் சாவியைக் கொண்டுபோய் காமாட்சி அக்காவிடமே கொடுத்தார்.

"ஏன் சார்?" என்று, கூச்சத்தை விட்டு நானே கேட்டேன்.

"தண்ணி யாரு ஊத்துவாங்க?"

அக்கா இந்தத் தடவை தண்ணீர் மட்டும்தான் ஊற்றினார். சார் பட்டம் வாங்கி, மாற்றலாகிப் போய்விட்டார். எப்போதாவது கடற்கரைக்குப் போனால், அடம்புக்கொடி படர்ந்த இடத்தில் நான் கால் வைப்பதில்லை. கீழே வேருக்குள் மீசை சாரின் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.