சுண்டுவின் ஈறு விஷயமாக

பல்லாண்டு வாழவேண்டிய மாப்பிள்ளை அவர்களுக்கு (இதில் வரும் பல், தங்கள் தொழிலை உத்தேசித்து வேண்டுமென்றே போடப்பட்டது), மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். தாங்களும் என் மகளும் மேற்படிப்புக்காகப் போயிருக்கும் ஊரில் குளிர் அதிகம் என்று கேள்வி. இருவரும் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். தங்கள் நாய் சுண்டுவின் சௌக்கியத்தை ஒரு வாக்கியத்தில் அடக்க முடியாது என்பதால் அதற்காகத் தனிக் காகிதம் எடுத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போனில் சின்ன ர-வும் பெரிய ற-வும் ஒன்றாகவே கேட்கின்றன மாப்பிள்ளை. அதிலும் தாங்கள் பேசும்போது பெரிய ற என்று ஓர் எழுத்து தமிழில் இருப்பதாகவே தெரிவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. பல் பிடுங்குகிறவருக்கு உச்சரிப்பு அவசியமில்லை. ஆனால் என் உத்தியோக காலம் முழுவதும் அச்சகத்தில் பிழைதிருத்துபவனாக உட்கார்ந்து, கறியில் எந்த றி, கரியில் எந்த ரி என்று பெரிய பெரிய எழுத்தாளர்களுக்கெல்லாம் சிவப்பு மையில் சுழித்துக் காட்டியவன் நான். அப்பேர்ப்பட்டவனை ஒரே ஒரு எழுத்தில் கவிழ்த்துவிட்டீர்கள் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் புறப்பட்ட அன்று நடந்ததை நினைவுபடுத்துகிறேன். டாக்ஸி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. என் மகள் பின்சீட்டில் உட்கார்ந்து, சுண்டுவைப் பிரிய மனமில்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தாங்கள் ஒரு காலை டாக்ஸிக்குள் வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பையை என் கையில் திணித்து, "மாமா, சாப்பாடு, வாக்கிங் எல்லாம் முன்னப்பின்ன இருந்தா பரவால்ல. தெனம் ஈறு மட்டும் பாத்துடுங்க. முத்திப் போச்சுன்னா மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்கணும். அதுக்கு இதயம் வேற வீக்கு. தாங்காதுன்னு டாக்டரே பயப்படுறாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். டாக்ஸி போய்விட்டது. பேன், ஈரு பார்ப்பதற்கு மயக்க ஊசி எதற்கு என்று எனக்கும் ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. மயக்கம் கொடுத்து மொத்தமாக மொட்டையடிப்பார்கள் போலும் என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். அன்று முதல் உங்கள் அத்தையின் பழைய பேன் சீப்பைத் தேடி எடுத்து, சுண்டுவை மடியில் போட்டுக்கொண்டு, காது முதல் வால் வரை தினமும் ஈரு பார்க்க ஆரம்பித்தேன்.

பையில் இருந்த சாமான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற ரப்பர் உறை ஒன்று இருந்தது, அதில் மெல்லிய முட்கள் வேறு. பழைய ஆபீஸ் நினைவு வரட்டும் என்று காகிதம் புரட்டுவதற்காக எனக்கு அன்போடு வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து, காலையில் பேப்பர் படிக்கும்போது மாட்டிக்கொண்டேன். பக்கம் நன்றாகவே புரண்டது. இன்னொன்று, களிம்பு மாதிரி ஒரு டியூப். எழுத்து எனக்குத் தெரியாத மொழி. படத்தில் ஒரு நாய் அத்தனை பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஈரு ஒழிந்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். சீவி முடித்ததும் அந்தக் களிம்பை முதுகில் அழுத்தித் தேய்த்துவிடுவேன். அது கோழிக்கறி வாசனையாக இருந்ததை உங்கள் அத்தை கவனித்துச் சொன்னாள். இந்தக் காலத்து மருந்து அப்படித்தான் இருக்கும் என்று அவள் வாயை அடைத்தேன். சுண்டு நாள் முழுக்கத் தன் முதுகைத் தானே நக்க முயன்று செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. எட்டாத பாக்கியை மாடிவீட்டு டிக்கெட் பரிசோதகரின் பூனை வந்து நக்கிவிட்டுப் போனது. நாயும் பூனையும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதைப் பார்த்து மாடிவீட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. பூனை இப்போதெல்லாம் அவர் வீட்டில் சாப்பிடுவதில்லை.

தாங்கள் போன் செய்து, "ஈறு எப்படி இருக்கு மாமா?" என்று விசாரித்தபோது நான் சொன்ன பதில் தங்களுக்கு மறந்திருக்காது. "ஒண்ணுகூட இல்ல மாப்பிள்ளை. சுத்தமா எடுத்தாச்சு" என்றேன். "எடுத்தாச்சா? யாரு எடுத்தா?" என்றீர்கள். "நான்தான். ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருந்தாலும் உங்க அத்தை நகத்துல வச்சு நசுக்கிடுவா" என்றேன். பெருமையாகவே சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாங்கள், "மாமா, ஒண்ணும் பேசாதீங்க. அதை உடனே டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டு ஓடுங்க" என்றதும், பக்கத்தில் என் மகள் வீறிட்டதும் கேட்டது. காரியம் நன்றாக நடந்தால் பாராட்டாமல் பதறுகிறார்களே என்று நினைத்துக்கொண்டே சீப்பையும் டியூப்பையும் நாயையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து அனுப்பிவிட்டு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். மேசையில் நான் வைத்த சீப்பைப் பார்த்தார்.

"இது எதுக்கு சார்?"

"ஈரு எடுக்கத்தான். மாப்பிள்ளை தெனம் பாக்கச் சொல்லிட்டுப் போனாரு."

"எந்த ஈறு?"

"எந்த ஈருன்னா? காதுல, முதுகுல, வால்ல, எல்லாத்துலயும்தான்."

அவர் சுண்டுவின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்து, "இந்த ஈறு சார்" என்றார். கடைவாய்ப் பல்லெல்லாம் காவியேறி, பல்லும் சதையும் சேருகிற இடத்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. சிவப்பு மையில் நானே கிழித்த கோடு போல இருந்தது. வாடை வேறு. அந்தக் கணத்தில் எனக்குப் பெரிய ற கண்ணில் தெரிந்தது. உங்கள் அத்தை அந்த இடத்திலேயே, டாக்டரம்மாவும் கம்பவுண்டரும் கேட்க, "ஊர்ல இருக்கிறவங்க எழுதினதெல்லாம் தப்பு தப்புன்னு சுழிச்சீங்களே, இப்ப இதை எங்க சுழிக்கப் போறீங்க?" என்றாள். நான் பதில் சொல்லாதது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று அவள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"ஈறு கெட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா. இலக்கணத்தில் ஈறு கெட்டால் கடைசி எழுத்துப் போகும். அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. நாய்க்கு ஈறு கெட்டால் பல் போகும் என்றும், அதற்கு மயக்க ஊசி வேண்டும் என்றும், சுண்டுவின் இதயம் அதைத் தாங்குமா என்பது தனக்கே நிச்சயமில்லை என்றும் அவர் சொன்னார் மாப்பிள்ளை. சின்ன நாய்களுக்கு வாய் சிறிது, பல் நெருக்கம், அதனால் அழுக்கு சீக்கிரம் அடைந்து கல்லாகிவிடுமாம். கல்லானதை வீட்டில் சுரண்டக் கூடாது. கல்லாகாமல் தினமும் துடைப்பதுதான் நம் வேலை. "ஒரு மாசம் விடாம தேச்சுப் பாருங்க. சிவப்பு இறங்கினா ஊசி வேணாம். இல்லேன்னா பின்பல்லு ரெண்டையாவது எடுத்துத்தான் ஆகணும்" என்றார். நாம் தேய்க்கும் பேஸ்ட் நாய்க்கு விஷம், டியூப்பில் இருப்பதுதான் அதன் பேஸ்ட், அது துப்பத் தெரியாத ஜீவன் என்பதால் விழுங்கினாலும் கெடுதலில்லாமல் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினார். காகிதம் புரட்டும் உறைதான் பிரஷ் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அன்று போனில் தங்களிடம் சுண்டு சௌக்கியம் என்று மட்டும் சொல்லி வைத்தேன், விவரத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

சொல்வது சுலபம். முதல் நாள் சுண்டு என் விரலைக் கடித்தது. மறுநாள் உறையைக் கடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நாங்கள் இருவரும் படுத்துப் புரண்டு கூப்பிட்டதில் உங்கள் அத்தைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு டாக்டரம்மாவையே கேட்டு, சில நாள் வெறும் பேஸ்ட்டை மட்டும் விரலில் வைத்து நக்க விட்டோம், அப்புறம் உதட்டைத் தூக்கித் தூக்கி விட்டோம், அப்புறம்தான் முள். உள்பக்கம் வேண்டாம், வெளிப்பக்கம் போதும், ஈறின் ஓரத்தில் சின்னச் சின்ன வட்டமாக என்று உத்தரவு. நான் எனக்குத் தெரிந்த முறையில்தான் செய்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேல் வரி முதலில், இடமிருந்து வலம், ஒவ்வொரு எழுத்தாக, பிறகு கீழ் வரி. வரியின் கடைசியில்தான் பிழை ஒளிந்துகொள்ளும் என்பது தொழில் அனுபவம். வாயிலும் கடைவாயில்தான் அழுக்கு அடைகிறது. சுண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தன் கதையில் கை வைக்கப்பட்ட எழுத்தாளரின் பார்வை அது. பார்த்துப் பழகியவன் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

இப்படியே மாதம் ஓடியது. சிவப்பு இறங்குகிறதா, அல்லது என் ஆசைக்கு அப்படித் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை. உங்கள் அத்தை ஒரு தினுசாகவும் நான் ஒரு தினுசாகவும் பார்த்து, நடுவராக மாடிவீட்டுக்காரரை அழைத்தோம். அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, டிக்கெட் பார்த்த பழக்க தோஷத்தில், "சரி, போகலாம்" என்றார். நேற்று, பல்லுக்கு நல்லது என்று டாக்டரம்மா கொடுத்த முறுக்கின குச்சி ஒன்றைச் சுண்டுவுக்குப் போட்டேன். மெல்லாமல் அப்படியே விழுங்கப் பார்த்தது. "நீங்கதான் ஒரு தடவை மென்னு காட்டுங்களேன்" என்றாள் உங்கள் அத்தை. சுண்டுவின் துண்டிலேயே எதிரெதிரே உட்கார்ந்து நான் ஒரு குச்சி, அது ஒரு குச்சி என்று மென்றோம். உப்புதான் குறைவு. மற்றபடி குற்றம் சொல்ல முடியாது.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. இன்று காலை சுண்டு படுக்கும் துண்டை உதறியபோது ஒரு பல் விழுந்தது. மஞ்சளாக, அடியில் தேய்ந்துபோய். இத்தனை சிறிய நாய்க்குள் இவ்வளவு பெரிய பல்லா என்று கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாதி ஈறுக்குள் புதைந்திருக்கும் போலிருக்கிறது. சுண்டு வந்து என் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தானாகவே உதிருகிறது என்றால் நாங்கள் தேய்த்ததெல்லாம் வீண், மயக்க ஊசிதான் கதி. இன்று மாலை டாக்டரம்மாவிடம் போகிறோம். நான் தோற்றுவிட்டேன் மாப்பிள்ளை. ஒரு ஜீவனை நம்பி ஒப்படைத்தீர்கள், ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டு அதன் ஆயுளோடு விளையாடிவிட்டேன். அச்சில் தவறு வந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். இதற்கு அடுத்த பதிப்பு கிடையாது. பல்லைப் பஞ்சில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். தொழில் முறையில் பார்த்து அபிப்பிராயம் சொல்லவும். என் மகளிடம் பக்குவமாக, சாப்பிட்ட பிறகு சொல்லவும்.

தங்கள் கைராசி நாளுக்கு நாள் பெருகவும், தங்கள் நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்து போகவும், தங்களுக்கும் மகளுக்கும் எந்தக் குறையும் வராதிருக்கவும் வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டபடியால் இதை உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தபால்காரர் படித்தாலும் பாதகமில்லை. டாக்டரம்மா பார்த்தாயிற்று. சிவப்பு முழுதும் இறங்கிவிட்டது. ஈறு ரோஜா நிறம். ஊசி வேண்டாம், ஒன்றும் வேண்டாம், தேய்ப்பதை மட்டும் விடக் கூடாது என்றார். பல்லைப் பற்றிச் சொன்னேன். இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், சுண்டுவுக்கு ஒரு பல்லுகூட போகலையே" என்றார். அப்போது உங்கள் அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "நீங்க வாயைத் திறங்க" என்றாள். கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கினாள். நேற்று குச்சி மென்றதிலிருந்து இடது பக்கம் நாக்குக்குப் புதிதாக ஓர் இடம் கிடைத்தாற்போல் இருந்தது வாஸ்தவம்தான். கவலையில் அப்படி இருக்கிறது என்று விட்டுவிட்டேன். எட்டிப் பார்த்த டாக்டரம்மா, "ஈறு ரொம்பக் கெட்டிருக்கு சார், உங்க மாப்பிள்ளைகிட்ட காட்டுங்க" என்றார். ஆகவே உள்ளே இருப்பது என்னுடையது. கல்யாணமான நாளாகத் தாங்கள் வாயைக் காட்டச் சொல்லிக் கேட்கிறீர்கள், நானும் வேறு பேச்சு பேசித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயம் மாப்பிள்ளை, வேறொன்றுமில்லை. தாங்கள் ஊர் திரும்பியதும் வந்து உட்காருகிறேன். வலிக்குமா என்பதற்கு மட்டும் முன்கூட்டியே ஒரு வரி பதில் போடவும். வலிக்கும் என்றால் போட வேண்டாம்.