சமரசம் பேசக் கட்டாயமில்லை

கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தொழிற்சாலை கேட்டில் நடப்பதையெல்லாம் வீட்டிலும் நடத்திப் பார்ப்பார்கள். எனக்கு அது நன்றாக முற்றியிருந்த நேரத்தில் தங்கை மாலாவின் கல்யாணம் வந்தது.

அப்போது நான் ஓர் இரும்புக் கம்பெனியின் ஒப்பந்தப் பிரிவில் இருந்தேன். (ஜூனியர்தான். விசிட்டிங் கார்டில் அதை மட்டும் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன்.) சமையலுக்கு ஆர்.கே.பேட்டை தணிகாசலத்தோடு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் போதும் என்றார் அப்பா. நான் விடவில்லை. கம்பெனி ஒப்பந்தத்தையே எடுத்து, கம்பி வருகிற இடத்திலெல்லாம் சாம்பார் என்று மாற்றிக் கையெழுத்து வாங்கினேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால், அவர்களோடு சமரசம் பேசி முடிக்க எந்தத் தரப்புக்கும் கட்டாயமில்லை. வேலை நின்றதற்கு அந்தத் தரப்பு பொறுப்புமில்லை. என்ன கம்பீரம்! அடிக்கோடு போட்டு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இது நமக்கு எதுக்குடா?"

"ஒரு சேஃப்டிக்குப்பா."

திருநின்றவூர் மண்டபத்தில் ரிசப்ஷன். சாயங்காலம் சமையல்காரர்கள் டீ குடிக்க வெளியே கிளம்பினார்கள். நான் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோரையும் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். எங்கள் கேட்டில் இது தினசரி வழக்கம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் (என்று நினைத்தேன்).

சமையல் கோஷ்டிக்குத் தலைவி செல்லம்மா. அவர் தன் பையை என் மடியிலேயே கவிழ்த்தார். சீப்பு, மாற்றுப் புடவை, தலைவலித் தைலம்.

"இன்னா சார், எங்களத் திருடங்கன்னு நெனச்சிக்கினு கீறியா? ஏய், அடுப்ப அணைங்கடி!"

அணைத்துவிட்டார்கள். அரிசி அரைவேக்காடு. இன்னும் சற்று நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு உட்கார வேண்டும். சாப்பாடு இல்லையென்றால் மாலா புகுந்த வீட்டில் காலமெல்லாம் பேச்சு கேட்க வேண்டியதுதான். தணிகாசலத்திடம் ஓடினேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, நான் போட்ட அடிக்கோட்டின் மேலேயே விரல் வைத்தார்.

"பேசி முடிக்கிறது என் டூட்டி இல்லன்னு நீங்கதானே சார் எழுதிக்கினு வந்தீங்க? அதான் கம்முனு கீறேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் சேதி மணமகள் அறைக்குப் போய், மாலாவே சமையலறைக்கு வந்து நின்றாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை. பின்னாலேயே அவள் மாமியார்.

"அக்கா, எங்க அண்ணன் பண்ணது தப்பு. மன்னிச்சிருங்க. வேணும்னா நீங்களும் அவன் பையத் தொறந்து பாருங்க, சரியாப் பூடும்."

என் பையை அங்கேயே கவிழ்த்தார் செல்லம்மா. ஒப்பந்த நகல், சீப்பு. அடியில், ஸ்டோர் ரூமிலிருந்து நான் அமுக்கி வைத்திருந்த ஒரு டப்பா லட்டு. (எங்கள் கம்பெனி மேனேஜருக்கு!)

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாள். அடுத்து செல்லம்மா. "ஏத்துங்கடி அடுப்ப. திருடன் ஆப்டுட்டான்!"

பந்தி தாமதமானது. அதுவரை சம்பந்தியம்மாளே தன் சொந்தக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அன்று மானம் போனது எனக்கு மட்டும்தான். அதற்காக அந்த மூன்று பெண்களுக்கும் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

இப்போதும் தங்கை வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தம்பி, பை?" என்பார். திறந்து காட்டுவேன். உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஒண்ணும் எடுக்கலியா?" என்று கேட்டுவிட்டு, மடியில் தயாராக வைத்திருக்கும் லட்டு டப்பாவை அவரே உள்ளே வைத்து மூடுவார்.