வியாழன் பத்து மணித் திடீர்ச் சோதனை

என் வாழ்நாளில் நான் ஒருமுறைகூடத் திடீரென்று எங்கும் போனதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், என் இருபத்தாறு வயதில், அரசாங்கம் எனக்குக் கொடுத்த வேலையே திடீரென்று போய் நிற்பதுதான்.

சிங்கப்பூரின் பெட்ரோல் நிலையங்களில் விற்கும் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் இளநிலைச் சோதகர் நான். கறுப்புத் தோல்பைக்குள் மாதிரி எடுக்கும் புட்டி, அதை மூடி முத்திரையிட அரக்கு, வெள்ளைத் தாள்கள். தாளில் ஒரு சொட்டு விட வேண்டும். நல்ல பெட்ரோல் என்றால் தடமில்லாமல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கறை தங்கும். (சிறு பிள்ளையும் செய்யக்கூடிய சோதனை. அதனால்தான் என்னிடம் கொடுத்தார்கள்.)

விதி ஒன்றுதான். நாங்கள் எப்போது வருவோம் என்று நிலையத்தாருக்குத் தெரியக்கூடாது. அந்த விதியை நான் மிகவும் மதித்தேன். ஒரு வாரம்கூடத் தவறிவிடக் கூடாதே என்று அதற்கு ஓர் அட்டவணை போட்டேன். திங்கள் ஒன்பதரை, காத்தோங். வியாழன் பத்து, பாலஸ்டியர் ரோடு. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பஸ்ஸைவிட்டு இறங்கி, சாலையின் எதிர்ப்புறம் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியாகப் பத்து மணிக்குத் திடீரென்று உள்ளே நுழைவேன்.

பாலஸ்டியர் நிலையத்தின் மேனேஜர் தங்கராசு நல்ல மனிதராகத் தெரிந்தார். எனக்கென்று ஒரு நாற்காலி துடைத்துப் போட்டிருக்கும்.

"வாங்க சார், உட்காருங்க லா. கோப்பி இப்பத்தான் ஊத்துனேன்."

அந்தக் கோப்பி ஒரு வாரமும் ஆறியிருந்ததில்லை. "விருந்தோம்பல் அறிந்தவர்" என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

அங்கே இரண்டு பம்புகள். இரண்டாவதில் எப்போதும் 'பழுது' என்று ஒரு பலகை தொங்கும்.

"இது என்ன ஆச்சு?"

"கிழடு சார். அடிக்கடி படுத்துக்குது."

எனக்கு அவர்மீது இரக்கம் வந்தது. முதல் பம்பில் மாதிரி எடுத்து, தாள் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, பதிவேட்டில் "பம்பு 2: பழுது" என்று எழுதிவிட்டு வருவேன். இப்படிப் பதினான்கு வியாழக்கிழமைகள். பதினான்கு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: எழுத்துகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றன.

அப்போது நான் டெஸ்கர் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், அக்கா ராஜத்தோடும் அவள் கணவர் வேலு அத்தானோடும் தங்கியிருந்தேன். அத்தானுக்கு டாக்சி. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, சொந்த வண்டி. பதினோரு வருடம் பிறர் வண்டியை ஓட்டிய பிறகு வாங்கியது. தினமும் துடைப்பார். துடைத்து முடித்த பிறகு இன்னொரு முறை துடைப்பார்.

ஒருநாள் சொன்னார்: "மச்சான், அந்த பாலஸ்டியர் ஸ்டேஷன்ல ஏதோ கலக்குறான். வண்டி இருமுது. பின்னால புகையா தள்ளுது."

"எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

"காலையில ஆறு மணிக்கு. ரெண்டாவது பம்புல."

எழுதிக்கொண்டேன். (ஆம், அதையும் எழுதிக்கொண்டேன்.)

"நான் வாராவாரம் பாக்குறேன் அத்தான். சுத்தமா இருக்கு."

"அப்ப என் வண்டி பொய் சொல்லுதா?"

அத்தான் விடவில்லை. மனு எழுதுகிறவரைப் பிடித்து, ஆங்கிலத்தில் புகார் தட்டச்சு செய்து அனுப்பினார். அது என் மேசைக்கே வந்தது. வேறு யாராக இருந்தாலும் "இவர் என் சொந்தக்காரர்" என்று சொல்லி அடுத்தவரிடம் தள்ளியிருப்பார்கள். நானோ, சொந்தக்காரர் என்று சலுகை காட்டிவிடக் கூடாதே என்று அவரை இரட்டிப்பாகச் சந்தேகித்தேன். விசேஷச் சோதனை ஒன்று நடத்தினேன், வியாழன் பத்து மணிக்கு. தாள் வெள்ளை. பதில் கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி அனுப்பினேன்.

கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, பாய லேபார் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், பயணியோடு டாக்சி நின்றுவிட்டது. இன்ஜின் போய்விட்டது, இனிச் சரிசெய்ய முடியாது என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் உறையோடு மாடியேறி வந்தார். முகத்தில் இரண்டு நாளாக இல்லாத வெளிச்சம்.

"கவர்மெண்டு பதில் போட்டிருக்கு! நியாயம் இல்லாம போயிடுமா? படி மச்சான்."

அவருக்கும் அக்காவுக்கும் ஆங்கிலம் தெரியாது. வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில், மிக வேகமாக.

"தமிழ்ல சொல்லுடா," என்றாள் அக்கா.

"பெட்ரோல் சுத்தமா இருக்குன்னு போட்டிருக்கு."

"அப்புறம்?"

"வண்டி கெட்டதுக்குக் காரணம்... ஓட்டுநர் வண்டியை ஓட்டுற முறையா இருக்கலாம்னு..."

அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "எந்தக் கட்டையில போறவன்டா எழுதுனான்? கையெழுத்து யாருது?"

எனக்கு ஒரு குறை உண்டு. தவறான தகவல் தர வராது.

"என்னுது."

கீழே கடையில் யாரோ தராசுத் தட்டை வைக்கும் சத்தம் மாடிவரை கேட்டது. அத்தான் கடிதத்தை வாங்கி, எழுத்துகளைச் சற்று நேரம் பார்த்தார். "அழகாத்தான் எழுதியிருக்க," என்றார். (அன்று எனக்கு ரசம் வரவில்லை. அடுத்த பத்து நாளும் வரவில்லை.)

மூன்று வாரத்தில் டாக்சி பழைய இரும்புக்குப் போனது. டாக்சி உரிமத்தையும் அத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கு அடுத்த வியாழன் பெருமழை. சாலையெல்லாம் வெள்ளம். என் பஸ் நடுவழியில் நின்றுவிட, முழங்கால் தண்ணீரில் நடந்து பதினொன்று நாற்பதுக்கு பாலஸ்டியர் போய்ச் சேர்ந்தேன். நூறு நிமிடத் தாமதம். என் உத்தியோகத்தில் அதுவரை நேராத அவமானம். ஓடிப்போய் மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நாற்காலி இல்லை. கோப்பி இல்லை. பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது. இரண்டாவது பம்பில் மூன்று டாக்சிகள் வரிசையில் நின்றன.

"அடடே, பம்பு சரியாயிடுச்சா!" என்று மனதார மகிழ்ந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அவர் கையை உருவிக்கொண்டு பலகையைப் பார்த்தார். "சார்... இன்னிக்கு நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சுட்டோம் லா."

அந்த வாக்கியம் என் காதிலிருந்து மூளைக்குப் போக, பஸ்ஸைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. தாளை எடுத்தேன். ஒரு சொட்டு விட்டேன். காத்திருந்தேன். கறை போகவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தான் முன்னால் அந்தத் தாளை நீட்டினேன்.

"ரெண்டாவது பம்பா?"

"ஆமா."

"நான் சொன்னேனே மச்சான்."

"சொன்னீங்க."

"எழுதிக்கிட்டியே?"

"எழுதிக்கிட்டேன் அத்தான்."

நிலையத்தின்மீது வழக்குப் போட்டார்கள். கலப்படத்தைக் கண்டுபிடித்ததற்காக மேலதிகாரி என்னைப் பாராட்டினார். என் வேலை நிரந்தரமானது. அத்தான் ஒரு தனியார் பள்ளிப் பேருந்துக்கு ஓட்டுநராகப் போனார், ஓய்வுபெறும்வரை பிறர் வண்டிதான்.

இப்போது அக்கா குடும்பம் ஈசூனில் இருக்கிறது. மகனின் காரை அத்தான் எப்போதாவது ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தால், சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்பார்: "என்ன மச்சான், ஓட்டுற முறை சரியா இருக்கா?"

சிரிப்பில் வண்டியே குலுங்கும். அக்காதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கிய பிறகும் அத்தான் கொஞ்ச நேரம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். விளக்கு பச்சையானதும், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டியை எடுப்பார்.

அவ்வளவு பதமாக ஓட்டுகிற ஒருவரை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. அதை இன்னும் அவருக்கு எழுத்தில் கொடுக்கவில்லை.