எட்டுத் தூண் மண்டபம்

"பூங்கா மண்டபத்தை இடிச்சிடலாம்னு இருக்கேன். நாளைக்குள்ள நோட் போட்டு வையுங்க, சிங்கராயர்" என்று ஆபீசர் கோவிந்தப்பன் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"என்னாத்துக்கு சார்? அது பாட்டுக்கு நின்னுட்டிருக்குதே?"

"பாம்பு வருதாம். எப்ப வேணா இடிஞ்சு தலையில விழுமாம். எவனோ பேர் போடாம மனு அனுப்பியிருக்கான்."

அந்தப் பேர் தெரியாதவனைச் சிங்கராயர் மனதாரச் சபித்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் சபிக்கக் கூடாதுதான். ஆனால் அவர் பாடு அப்படி. வீடு கிருஷ்ணகிரியில், குமாஸ்தா வேலை ஓசூரில். மாற்றலாகி வந்த இரண்டு வருஷமாக விடியற்காலை நாலரைக்கு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார். வீட்டிலோ பிரசவத்துக்கு வந்த மகள், வீறிடும் பேரன். ஐம்பத்திரண்டு வயசு உடம்புக்கு மிச்சமிருந்த ஒரே சுகம், மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அந்த மண்டபத்தின் மூன்றாவது தூணடியில் துண்டை விரித்துப் படுப்பதுதான். கல் ஜில்லென்று இருக்கும். ஓசூர்க் காற்று வேறு. அதுவும் போய்விட்டால் மூன்று வருஷம் கழித்துப் பென்ஷன் வாங்க ஆள் இருக்காது.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இடது கையால் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினார். மண்டபம் இருநூறு வருஷப் பழசு, பெரிய மனிதர்கள் இளைப்பாறிய இடம், இடித்தால் மேலிடத்துக்குப் போவோம், இப்படிக்கு உண்மை விரும்பி. இளைப்பாறிய இடம் என்றது மட்டும் பொய்யில்லை.

மூன்றாம் நாள் கடுதாசி அவர் மேசைக்கே வந்தது. மொட்டைக் கடுதாசிகளை விசாரிப்பது அந்த ஆபீசில் அவர் வேலை. தூக்கக் கலக்கத்தில் அதை மறந்துவிட்டிருந்தார்.

"என்ன ஏதுன்னு தீர விசாரிச்சு ரிப்போர்ட் குடுங்க" என்றார் கோவிந்தப்பன்.

தன் கடுதாசியைத் தானே தீர விசாரித்து, 'முற்றிலும் உண்மை' என்று எழுதிக் கொடுத்தார். ஃபைல் அதோடு தூங்கிவிடும் என்று நம்பினார். ஆனால் மேலிடம் என்ற சொல்லைப் பார்த்து மிரண்ட கோவிந்தப்பன், ரிப்போர்ட்டை அப்படியே மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார்.

மெட்ராஸிலிருந்து புராதனச் சின்னங்களைப் பார்க்கிற அதிகாரி வந்தது ஒன்றேகால் மணிக்கு. மூன்றாவது தூணைப் பார்ப்பதற்குச் சிங்கராயரை எழுப்ப வேண்டியிருந்தது.

"இருநூறு வருஷம்னு யார் சொன்னா?"

தடுமாறிப்போன சிங்கராயர், கூட வந்த பியூன் சென்னப்பனின் கையைப் பிடித்து முன்னே இழுத்தார். "உள்ளூர் ஆளு சார். சொல்லு சென்னப்பா!"

"ஆமாங்க சார். எங்க பாட்டன் காலத்துல இருந்தே இருக்குதுங்க."

அதிகாரி தூண்களைத் தட்டிப் பார்த்தார். "இருநூறெல்லாம் இல்லை. நூறு இருக்கலாம். ஆனா ஒவ்வொரு தூணும் ஒரே கல். மேல மரவேலையைப் பாருங்க. இந்தப் பக்கத்துல இந்த மாதிரி நான் பார்த்ததில்லை. இதைக் கட்டாயம் பாதுகாக்கணும்."

இடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்த அன்று சிங்கராயருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் புதுத் துண்டு ஒன்று வாங்கினார்.

அதை அவர் விரிப்பதற்குள் உத்தரவின் இரண்டாம் பக்கம் அமலுக்கு வந்தது. மண்டபத்தைச் சுற்றி முள்கம்பி, கதவு, பூட்டு. 'உள்ளே உட்காருவதும் படுப்பதும் தண்டனைக்குரியது' என்று போர்டு. காவலுக்குப் பகல் முழுக்க ஓர் ஆள்.

"அந்தக் காவலை நானே சேர்த்துப் பார்த்துக்கிறேன் சார்" என்று கோவிந்தப்பனிடம் கெஞ்சினார்.

"குமாஸ்தா வாட்ச்மேன் வேலை பாக்கறதா? மானம் போயிடும் சிங்கராயர்! சென்னப்பனைப் போட்டாச்சு."

மறுநாள் ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு சிங்கராயர் கம்பிக்கு வெளியே வெயிலில் நின்றார். உள்ளே, மூன்றாவது தூணடியில், காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு சென்னப்பன் படுத்திருந்தான்.

"ஏய்யா, படுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குதே?"

"அது பொதுஜனத்துக்குங்க சார்."

சிங்கராயருக்கு அழுகையே வந்துவிட்டது. "எல்லாம் அந்தப் பாவியால வந்தது. இடிக்கச் சொல்லி மொதல்ல மனு போட்டானே, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

சென்னப்பன் கண்ணை மூடியபடியே சொன்னான்:

"நான்தாங்க சார் அது. பன்னண்டு வருசமா நான் படுத்திருந்த எடத்துல நீங்க வந்து துண்டை விரிச்சா, பியூன் குமாஸ்தாவை எழுந்திருன்னு சொல்லவா முடியும்?"